மூன்றாவது பொத்தான்

க்ரோனிங்கனுக்கு வடக்கே
நான் வேலை பார்க்கும் நீர் வாரியக் கட்டடம்
கடலைவிட ஒரு மீட்டர் கீழே இருக்கிறது.
கேட்காமல் எதுவும் உள்ளே வரக்கூடாது,
அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

என் நாட்காட்டிக்கு மட்டும் கரை கிடையாது.
யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்புவார்,
நான் அதைத் திறக்கும் முன்பே
செவ்வாய் பத்து மணியில் ஒரு சாம்பல் கட்டம்
காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்.
"மதகு 14, வண்ணப்பூச்சு: கருத்துப் பரிமாற்றம்."
"முந்தைய கூட்டத்தைப் பற்றிய கூட்டம்."
பிப்ரவரியில் முன்பின் தெரியாத ஒரு நிறுவனம்
என் மதியச் சாப்பாட்டின் மேல்
இலவசக் காப்பீட்டு ஆலோசனையை
வைத்துவிட்டுப் போயிருந்தது.
ரொட்டியைக் கையில் பிடித்தபடி
யாருடைய புதன் இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை வுபினா சொன்னாள்:
"தானாக வருவதுதான் நல்லது.
வராவிட்டால் நீ மறப்பாய்.
கட்டம் கண்ணெதிரே நின்றால்
வேண்டாம் என்று சொல்லவாவது நினைவு வரும்."
வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வேலை, வுபினா
என்று நான் சொல்லவில்லை.
அமைப்புகள் பக்கத்தில், நாலாவது வரியில்,
அந்தச் சின்னக் குறியை எடுத்துவிட்டேன்.

என்ன ஒரு வாரம் அது!
வியாழன் முழுக்க
ஒருவரும் மிதிக்காத பனி.
பதினொரு மணிக்கு எழுந்து போய்
இறைப்பு நிலையத்தின் அளவுமுள்
ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.
அது என் வேலைதான்.
நான்கு மாதமாகப் பார்த்திருக்கவில்லை.

எப்போ என் அண்ணன்.
எங்கள் வடக்கில் அது பழைய ஆண்பெயர்.
அப்பாவின் படகை விற்ற பணத்தில் தொடங்கிய பேச்சு
மூன்று வருடமாக
முடியாமல் நிற்கிறது எங்களுக்குள்.
இந்த நாட்டில் சண்டைக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை,
சமாதானத்துக்குக் குறிக்க வேண்டும்.
தொலைபேசியில் அழைத்தால் எடுக்க மாட்டேன் என்று
அவனுக்குத் தெரியும்.
அதனால் இதை அனுப்பியிருந்தான்:

பட்டாணி சூப்.
ஞாயிறு, 12.30 முதல் 13.15 வரை.
இடம்: என் வீடு.
ஏற்கிறேன். மறுக்கிறேன். பார்க்கலாம்.

முக்கால் மணி நேரம்.
அவ்வளவுதான் துணிந்திருக்கிறான்.

நான் அதைக் கண்டது செவ்வாய்க்கிழமை,
பம்பு உதிரிபாக விலைப்பட்டியலுக்கும்
வாகன நிறுத்த அறிவிப்புக்கும் நடுவில்.
ஞாயிறு வந்து போயிருந்தது.
12.30க்கு நான் சைக்கிள் சங்கிலிக்கு
எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்,
ஒன்றும் இல்லாத ஒரு நாளின் சுகத்தில்.
மேசையில் எத்தனை கிண்ணம் வைத்தானோ.

வுபினாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள்,
அதுதான் கஷ்டம்.

எங்கள் இறைப்பு நிலையச் சுவரில்
ஒரு துளை இருக்கிறது, கை நுழையும் அகலம்.
வசந்தத்தில் கடலிலிருந்து
கண்ணாடி நூல்போல வரும் விலாங்குக் குஞ்சுகளுக்காக.
அதை அடைத்துவிடச் சொல்லி
வருடம் ஒரு பொறியாளர் கடிதம் எழுதுவார்.
கொஞ்சம் உப்பும் கூடவே வருகிறது, உண்மைதான்.

அன்று மாலை அமைப்புகளுக்குத் திரும்பப் போய்
ஒரே ஒரு முகவரிக்கு வழி விட்டேன்.
மற்றவர்கள் கதவைத் தட்டட்டும்.

பிறகு முடிந்துபோன அந்த ஞாயிற்றைத் திறந்தேன்.
"இந்த நிகழ்வு நடந்து முடிந்துவிட்டது" என்றது திரை.
நடந்ததா?
ஏற்கிறேன் என்றால் பொய்.
மறுக்கிறேன் என்றால் அதைவிடப் பொய்.
மூன்றாவதை அழுத்தினேன்.

புதன் காலை, காபி ஆறுவதற்குள்,
வரும் ஞாயிற்றின் மேல் ஒரு சாம்பல் கட்டம்,
கேட்காமல், தானாக.
சூப் உறைபெட்டியில் இருக்கிறது என்று ஒரு குறிப்பு.
12.30 முதல்.
முடியும் நேரத்தை
எப்போ எழுதவில்லை.